நீல வாளியில் ஊறிய விளக்கு

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதை. கேட்டவர்கள் படிப்பார்களா என்பது வேறு விஷயம். எனக்கு முழங்காலில் வலி, கண்ணில் புரை, எழுதுவதில் பெரிய உற்சாகமும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் போனால் வேறு யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

மெஷினை எப்படி ஓட்டுவது, எண்களை எங்கே பதிவது என்பதெல்லாம் கோப்பில் இருக்கிறது. முக்கால்வாசி நான் எழுதியதுதான், தூக்கம் வரும். கோப்பில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பாடம். ரப்பர் ஒரு நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன; கல்லூரியில் ஓலிஃபின் என்று படித்திருப்பீர்கள். ஆக்சிஜனுக்கு அந்த இடம்தான் பிடிக்கும். பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு பெராக்சைடாக மாறும். பெராக்சைடு உடைந்தால் சங்கிலியும் அறும், உடைந்த துண்டு அடுத்த சங்கிலியைக் கெடுக்கும். மேசை இழுப்பறையில் பழைய ரப்பர் பேண்ட் காகிதத்தோடு ஒட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதே வேலைதான், மெதுவாக நடந்தது.

நாம் அதையே வேண்டுமென்று வேகமாகச் செய்கிறோம். கெட்டி ரப்பரை மில்லின் உருளைகளுக்கு நடுவே விட்டு மசிக்கும்போது, தயால் வகையைச் சேர்ந்த ஒரு கந்தகச் சேர்மத்தைக் கொஞ்சமாகச் சேர்க்கிறோம். பெப்டைசர் என்று நாம் சொல்வோம், தொழிலாளர்கள் வெறுமனே 'மருந்து' என்பார்கள். அறுந்த முனைகள் மறுபடி ஒட்டாமல் அது பார்த்துக்கொள்ளும், ஆக்சிஜனையும் உள்ளே அழைத்து வரும். அளவு கூடினால் ரப்பர் குழைந்துவிடும். அதே கந்தகக் குடும்பத்தில் ஆக்சிஜனைத் தடுக்கிற சேர்மங்களும் இருக்கின்றன. ஒருவர் கதவைத் திறப்பார், இன்னொருவர் சாத்துவார். அந்தக் குடும்பத்தோடு முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

இதில் செம்பு புகுந்தால் கதையே வேறு. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். பெராக்சைடை உடைப்பதே அதற்கு வேலை, அதுவும் ஓயாமல். இரண்டொரு மாதத்துக்குள் ரப்பர் பிசுபிசுத்து, கையில் எடுத்தால் விரலோடு வந்துவிடும். ஆகவே செம்பும் பித்தளையும் மில் பக்கம் வரக்கூடாது என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியவள் நான். சோப்புத் தொட்டிக்குப் பித்தளைக் குழாய் மாட்டிய ஃபிட்டரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கத்தியிருக்கிறேன். அந்த மனுஷன் ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்கு அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது.

சோப்புத் தொட்டி உங்களுக்குத் தெரியும். மில்லிலிருந்து சூடாக வரும் ரப்பர் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, சோப்புத் தண்ணீரில் முக்கிக் கம்பியில் தொங்கவிடுகிறோம். தொட்டி வற்றினால் ஊற்றுவதற்குச் சோப்புக் கரைசலை நீல வாளியில் கலக்கி வைப்பார்கள். வேறு எதற்கும் நீல வாளியைத் தொடக்கூடாது, நீல வாளியில் இருப்பது தொட்டிக்குத்தான் போகவேண்டும். இந்த விதியையும் எழுதியவள் நானேதான். மில்லில் வேலை செய்கிறவர்கள் ஐந்து நாட்டுக்காரர்கள். நிறத்தை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் புரியும் என்று யோசித்து வைத்தேன். புரிந்தது. ஒருவர்கூட மீறவில்லை.

இப்போது சரோஜாக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். மருந்து நிறுக்கும் அறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். தினமும் காலையில் ஒவ்வொரு கலவைக்கும் உரிய மருந்தை நிறுத்து, சிறிய பிளாஸ்டிக் பையில் கட்டி, எண் எழுதி வரிசையாக அடுக்குவார். அந்த மருந்து வாடை சேலையைவிட்டுப் போகாது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆள் வரமாட்டார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிரம்பான் பக்கம் மந்தினைத் தாண்டி எஸ்டேட் ஓரத்தில் நம் ஃபேக்டரி இருக்கிறதல்லவா, அதன் பின்னால் இருந்த கம்பெனி லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான் குடியிருந்தார். எஸ்டேட் முழுக்க ரப்பர் போய்ச் செம்பனை மரமாகிவிட்ட பிறகும் அந்த லயம் மட்டும் இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும்.

ஒரு தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம், காலணி அடிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து நம் ரப்பர் திரும்பி வந்தது. மூன்று பலகை அடுக்கு. தொட்டால் பிசின். எல்லாம் ஒரே நாள் சாயங்கால ஷிப்டில் போட்ட சரக்கு, ஆயுத பூசைக்கு முந்தின நாள். வாங்கியவர்கள் அன்றே மூன்று மணிக்கு நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

மேனேஜர் குணா பதினோரு மணிக்கு லேபுக்குள் வந்தார். கெட்டவர் இல்லை. மேலிடத்துக்கும் நமக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள்.

"பிலோ, மூனு மணிக்கு அவங்க வந்துருவாங்க. காரணம் ஒன்னு கையில வேணும். பெருசா வேணாம், ஒரு பக்கம் போதும் லா."

"ரெண்டு நாள் குடுங்க சார். சாம்பலாக்கி பாக்கணும்."

"ரெண்டு நாள் எங்க இருக்கு? தெரியலன்னு சொன்னா நாளைக்கே வேற எடத்துல வாங்கிக்குவாங்க. ஒங்களுக்கு ஒரு யோசனையும் இல்லியா?"

முப்பது வருஷ அனுபவக்காரியிடம் அப்படிக் கேட்டால் யோசனை இல்லை என்று சொல்ல வாய் வராது. பிள்ளைகளே, தெரியாது என்று சொல்லக் கூசுகிற வயது ஒன்று வரும். கவனமாக இருங்கள்.

அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது கலவைக்கு மருந்து இரண்டு பை போயிருந்தது. ஒரு பைதான் போகவேண்டும். சரோஜாக்காவைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பை ஏன்க்கா போச்சு?"

"மொத பை கிழிஞ்சி போச்சி மிஸ். தரையில கொட்டிருச்சி. கூட்டி அள்ளிட்டு வேற பை குடுத்தேன்."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"நான் தனியாத்தானே இருக்கேன் அந்த ரூமுல."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு பையும் ரப்பருக்குள் போயிருக்கவேண்டும், மருந்து இரட்டிப்பாகி ஆக்சிஜன் சங்கிலியை அளவுக்கு மீறி அறுத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் அழகாக எழுதலாம். எழுதினேன்.

பொருந்தாதவை மூன்று இருந்தன. மூன்றையும் பார்த்தேன் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. முதலாவது, மருந்து கூடியிருந்தால் ரப்பர் அன்றைக்கே குழைந்திருக்கவேண்டும். மறுநாள் காலையில் நானே எடுத்த சோதனை எண் சரியாக இருந்தது. மாதிரியை வேறு தாளிலிருந்து வெட்டியிருப்பார்கள் என்று தள்ளிவிட்டேன். இரண்டாவது, ஏழாவது கலவை ஒரு அடுக்கில்தான் இருந்தது, பிசுபிசுத்தவையோ மூன்று அடுக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது, தாளின் கீழ் ஓரம்தான் ரொம்ப மோசம். தொங்கவிட்ட தாளில் சோப்புத் தண்ணீர் வழிந்து சொட்டி நிற்கிற ஓரம் அது. அதற்கு ஒரு சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை, அதனால் எழுதாமல் விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு வந்தவர்கள் படித்துவிட்டுத் தலையாட்டினார்கள். நான்கு மணிக்கு எனக்குத் தேநீர் வந்தது. அடுத்த நாள் ஆபீஸில் கடிதம் அடிக்கிற கெரானி மலாயில் அடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் சரோஜாக்கா கையெழுத்துப் போட்டார். விசாரணை வைத்தால் பெயர் கெடும், இதுதான் நல்லது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்ய இரண்டு வாரம். மகள் பெடாஸில் இருக்கிறாள், அங்கே போய்விட்டார். சாமான் ஏற்றிய லோரி லேப் ஜன்னலைத் தாண்டித்தான் போனது. நான் ஒரு குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.

டிசம்பர் வந்தது. நான் தெமியாங்கில் இருக்கிறேன். கிறிஸ்மஸுக்கு முன்னால் எங்கள் கோயிலில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பித்தளைச் சாமான்களைத் துலக்குவது வழக்கம். மெழுகுவர்த்தித் தண்டு, மணி, தூபக்கலசம் எல்லாம் பெரிய பேசினில் புளி கரைத்து ஊறப் போடுவோம். இந்த வேலையில் எனக்குக் கை ராசி உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஊறிய தண்டுகளை எடுக்கக் கையை விட்டேன். புளித்தண்ணீர் பச்சையாக இருந்தது.

வருஷா வருஷம் பார்க்கிற பச்சைதான். பித்தளையிலிருக்கும் செம்பைப் புளி கரைத்தெடுக்கும், தண்ணீர் பச்சையாகும், விளக்கு பளபளக்கும். இதில் புதிதாக ஒன்றுமில்லை. அன்றைக்கு மட்டும் கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலை சுற்றுகிறதா என்று கேட்டார்கள்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள், ஃபேக்டரி பூசைக்கான குத்துவிளக்கு இரண்டையும், மணியையும் தட்டையும் வழக்கம்போல் என்னிடம் கொடுத்தார்கள். நான் பூசைக்கு நிற்கமாட்டேன், சுண்டல் சாப்பிடுவேன், விளக்கு துலக்கித் தருவேன். பிலோ மிஸ் கை பட்டால்தான் விளக்கு விளக்காக இருக்கும் என்பார்கள், எனக்கும் அது பிடிக்கும். அந்த வருஷம் லேப் தொட்டி நிறைய கண்ணாடிச் சாமான். குத்துவிளக்கு நிற்கிற ஆழத்துக்கு வேறு பாத்திரம் இல்லை. நீல வாளியை எடுத்தேன். புளியும் ஒரு பிடி சோப்புத் தூளும் போட்டு மத்தியானம் முழுக்க ஊற வைத்தேன். எடுத்துத் துடைத்துப் பூசைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அங்கே எல்லாரும் விளக்கைத் தூக்கிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனேன். வாளித் தண்ணீரைக் கொட்டவில்லை.

நீல வாளியில் இருப்பது தொட்டிக்குப் போகவேண்டும். சாயங்கால ஷிப்டில் யாரோ ஒருவர் என் விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார். மறுநாள் பூசைக்காகத் தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். அதனால்தான் அந்த ஒரு ஷிப்ட் சரக்கு மட்டும் கெட்டது.

திங்கட்கிழமை, எடுத்து வைத்திருந்த ஒரு தாளின் கீழ் ஓரத்தை வெட்டிச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, செம்பைக் காட்டிக் கொடுக்கிற திரவத்தை விட்டேன். அதுவும் ஒரு கந்தகச் சேர்மம்தான். தேன் நிறத்துக்கு மாறியது. அதே தாளின் நடுப்பகுதியை வெட்டிச் செய்தால் நிறம் லேசாகத்தான் வந்தது. அரை நாள் வேலை. இதற்குத்தான் நான் இரண்டு நாள் கேட்டேன், அவகாசம் கிடைக்காது என்றவுடன் இதைத்தான் விட்டேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்ப என்னாத்துக்கு பிலோ? அவங்க மொத ரிப்போர்ட்ட ஏத்துக்கிட்டாங்க. முடிஞ்சி போன கதை."

"அந்தக்காவுக்கு முடியல சார்."

"இத மேல அனுப்புனா ஒங்க பேருதான் வரும். ஒங்களுக்கு இன்னும் மூனு வருசம் இருக்கு. யோசிச்சி பாருங்க."

"யோசிச்சிட்டுதான் வந்தேன்."

பொய். யோசித்தால் வந்திருக்கமாட்டேன். அந்தப் பச்சைத் தண்ணீர் கையை விட்டுப் போவதற்குள் வந்துவிடவேண்டும் என்று வந்தேன். குணா வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அந்த மனுஷனை நான் மதிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. லேப் தலைமை வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

பெடாஸுக்குப் பஸ் ஏறிப் போனேன். சரோஜாக்கா மகள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மிஸ். ஒக்காருங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, புளி, வாளி. அவர் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் மிஸ், நீங்க அந்த வாளியில வெளக்கு ஊற வச்சது. சோப்பு கரைக்க வாளி கேட்டானுங்க. நாந்தான், அது சாமி காரியம், விடுங்கடான்னு செவப்பு வாளிய எடுத்து குடுத்தேன். சாயங்காலம் போவும்போது பாத்தேன், நீல வாளி காலியா தொட்டிகிட்ட கெடந்துச்சி."

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

"யாரு கேட்டா?"

கோபமாகச் சொல்லவில்லை. காய் நறுக்குகிற அதே குரலில் சொன்னார்.

"ரெண்டு பை ஏன்னு கேட்டீங்க. அதுக்கு பதில் சொன்னேன். அன்னிக்கி சாயங்காலம் என்னா நடந்துச்சின்னு கேட்டிருந்தா வாளிய பத்தியும் சொல்லியிருப்பேன். பித்தளை கழுவுன தண்ணி ரப்பருக்கு ஆவாதுன்னு எனக்கு எப்டி மிஸ் தெரியும்? ஒங்களுக்குதானே தெரியும்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் பயத்தங்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். மன்னித்தாரா என்று தெரியாது. காப்பி நன்றாக இருந்தது.

ஜனவரியில் அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். வீடு கிடைக்கவில்லை. லயத்தில் அதற்குள் வேறு ஆட்களைக் குடிவைத்துவிட்டார்கள், பிறகு அந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். பெடாஸிலிருந்து சிரம்பானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கம்பெனி வேன். ஐம்பத்தாறு வயதில் விடியுமுன்னே எழுந்து கிளம்பி வந்தார். இதைச் சரி செய்ய என்னால் முடியவில்லை. பெரிய ஆபீஸுக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் வரவில்லை.

வேலைக்கு வந்த முதல் நாள் காலையில் லேப் கதவைத் தட்டினார்.

"மிஸ், பை கட்டப்போறேன். வந்து பாத்துட்டு கையெழுத்து போடுங்க."

அப்படி ஒரு விதி கிடையாது. போனேன். தராசில் மருந்தை வைத்தார், எண்ணைக் காட்டினார், என் கண் முன்னால் பையில் போட்டுக் கட்டினார். சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பை. அன்றைக்குப் பதினான்கு பை. மறுநாளும் தட்டினார். அதற்கடுத்த நாளும். என் வேலை கிடக்கும், புதிய தலைமை முகம் சுளிப்பார், முழங்கால் கெஞ்சும். ஒரு நாள், "எனக்கு நம்பிக்கை இருக்குக்கா, நீங்களே கட்டுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு வேணுமே மிஸ்," என்றார்.

மூன்று வருஷம், லீவு நாள் தவிர, தினமும் காலையில் அந்த மருந்து வாடைக்குள் நின்றேன். நின்றதில் ஒன்று தெரிந்துகொண்டேன். அந்தப் பிளாஸ்டிக் பைகள் மட்ட ரகம். வாரத்துக்கு ஒன்றாவது அடியில் கிழியும். அவர் உடனே கூட்டி அள்ளிவிட்டு வேறு பை எடுப்பார், என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டார். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் கிழிந்திருக்கிறது. என் லேபிலிருந்து அந்த அறைக்கு முப்பது அடிகூட இருக்காது.

ஆகவே பிள்ளைகளே, ஆக்சிஜனைப் பற்றி எவ்வளவோ படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், நல்லது. ஒரு எண் பொருந்தாவிட்டால், பழியை மாதிரி வெட்டியவன் தலையில் போடாதீர்கள். தெரியாதபோது தெரியாது என்று எழுதுங்கள். உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு ஒருவரை அனுப்பிவிடாதீர்கள். இதையெல்லாம் நான் சொல்வதால் நீங்கள் செய்யப்போவதில்லை. எனக்கும் இதையெல்லாம் யாரோ சொல்லித்தான் இருப்பார்கள்.

என் கடைசி நாளன்று காலையிலேயே கேக் வெட்டினார்கள், குணா பேசினார், படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து பரிசுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மருந்து அறையைத் தாண்டினேன். கதவு திறந்திருந்தது. சரோஜாக்கா தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விடைபெறலாம் என்று வாசலில் நின்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் ரெண்டு பை இருக்கு மிஸ்."

பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.